இதயம் திருடுபோன கேடன்ஸ்

காணாமல் போன தந்தையைத் தேடிக்கொண்டு கேடன்ஸ் என்ற பெண் புறப்படுகிறாள். வழியில் ஒரு பழைய கல்லறைச் சுரங்கத்துக்குள் விழுந்துவிடுகிறாள். அங்கே நெக்ரோடான்சர் என்ற சூனியக்காரன் அவளுடைய இதயத்தைப் பறித்துக்கொள்கிறான். அவள் சாகவில்லை. ஆனால் அந்த நொடியிலிருந்து அவளுடைய இதயத் துடிப்பு, சுரங்கத்தில் ஒலிக்கும் இசைக்குக் கட்டுப்பட்டதாகிவிடுகிறது. இசையில் ஒரு தட்டு விழுந்தால் அவள் ஒரு கட்டம் நகரலாம், அல்லது ஒருமுறை ஆயுதத்தை வீசலாம். தட்டைத் தவறவிட்டால் அந்த முறை வீண். சுற்றியிருக்கும் எலும்புக்கூடுகளும் டிராகன்களும் அவளுக்காகக் காத்திருப்பதில்லை. அவையும் அதே தாளத்துக்கு ஆடியபடி நெருங்கி வருகின்றன.

'கிரிப்ட் ஆஃப் தி நெக்ரோடான்சர்' என்ற இந்த வீடியோ கேமை உருவாக்கியது, கனடாவின் வான்கூவர் நகரில் ரயன் கிளார்க் நடத்திய பிரேஸ் யுவர்செல்ஃப் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம். 2014 ஜூலையில் முன்னோட்ட வடிவமாகவும், 2015 ஏப்ரலில் முழு வடிவிலும் கணினிக்கு வந்தது. பெரிய நிறுவனங்களின் முதலீடு இல்லாமல் சின்னக் குழுக்கள் செய்யும் இத்தகைய ஆட்டங்களுக்கு இண்டி கேம் என்று பெயர். அந்த உலகத்தில் விசித்திரமான யோசனைகளுக்குப் பஞ்சமே கிடையாது. அவற்றில் பல, பத்து நிமிடம் வியக்க வைத்துவிட்டு ஓய்ந்துவிடும். நெக்ரோடான்சர் ஓயவில்லை. அதிலிருந்து நிண்டெண்டோவுக்காக ஒரு சாகசக் கதை பிறந்தது. 2025-இல் இன்னொரு தொடர்ச்சியும் வந்தது. காரணம், இந்த ஆட்டத்தின் விசித்திரமான விதிக்கு அடியில் மனித மூளையைப் பற்றிய ஓர் உண்மை உட்கார்ந்திருக்கிறது.

அந்த விதி பிறந்த விதத்திலிருந்து தொடங்கலாம். 1980 வாக்கில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளில் 'ரோக்' என்றொரு ஆட்டம் பரவியது. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் நிலவறை. செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆடுபவர் ஒரு கட்டம் நகர்ந்தால்தான் பூதமும் ஒரு கட்டம் நகரும். செஸ் போல எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அதன் வழியில் வந்த ஆட்டங்கள் ரோக்லைக் என்ற தனி வகையாகவே வளர்ந்தன. தோற்றால் அது அதிர்ஷ்டத்தின் பிழையாக இல்லாமல் ஆடியவரின் பிழையாக மட்டுமே இருக்கும்படியான ஒரு ரோக்லைக்கைச் செய்ய வேண்டும் என்பது கிளார்க்கின் ஆசை. கூடவே, யோசிக்கும் நேரத்துக்கு ஓர் எல்லை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறைக்கும் அரை நொடி அளவே அவகாசம் என்று குறுக்கியபோது, அது இசைக்கு அடியெடுத்து வைப்பதுபோல இருந்தது. அங்கிருந்து ஆட்டம் நடனமாக மாறியது. விசைப்பலகையின் நான்கு அம்புக்குறிகள் போதும். தரையில் விரித்து மிதித்து ஆடும் நடனப் பாயை இணைத்தும் ஆடலாம்.

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். அரை நொடியில் ஒரு மனிதரால் என்ன முடிவெடுக்க முடியும்?

திரையில் ஒரு விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொன்னால், பெரும்பாலோருக்கு 200 முதல் 250 மில்லிநொடி பிடிக்கும். ஒலி கேட்டு அழுத்துவது இன்னும் சற்று வேகம். அதுவும் ஒரே விளக்கு, ஒரே பொத்தான் என்றிருந்தால்தான். தேர்ந்தெடுக்க வேண்டிய வழிகள் கூடக் கூட எதிர்வினை நேரமும் கூடுகிறது என்பதை 1952-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் டபிள்யூ. இ. ஹிக் அளந்து காட்டினார். கேடன்ஸுக்கு முன்னால் நான்கு திசைகள் இருக்கின்றன. எந்தப் பூதம் எங்கே வரும், எதை அடிப்பது, எதிலிருந்து விலகுவது, கீழே கிடக்கும் வைரத்தை எடுக்கத் திரும்புவதா என்று கேள்விகள் குவிகின்றன. சுரங்கத்தின் முதல் தளத்தில் இசை நிமிடத்துக்கு 115 தட்டுகள் வேகத்தில் ஓடுகிறது. அதாவது ஒரு தட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 522 மில்லிநொடி. அடுத்த தளத்தில் 130, அதற்கடுத்து 140. தட்டைக் கேட்ட பிறகு யோசித்து, யோசித்த பிறகு விரலை அசைப்பது என்றால் இந்தக் கணக்கு தேறவே தேறாது.

ஆனால் தட்டைக் கேட்ட பிறகு யாரும் விரலை அசைப்பதில்லை. சபாவில் கச்சேரி கேட்கும்போது முன்வரிசை ரசிகர்கள் தொடையில் தாளம் போடுவதைக் கவனித்தால் இது விளங்கும். மிருதங்கத்தின் ஒலியும் நூறு கைகளும் ஒரே நேரத்தில் விழுகின்றன. ஒலியைக் கேட்டுத்தான் கை இறங்குகிறது என்றால் ஒவ்வொரு கையும் கால் நொடியாவது பிந்தி விழ வேண்டும். அப்படி விழுவதில்லை, ஏனென்றால் தட்டு எப்போது வரும் என்று மூளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் மெட்ரோனோம் ஒலிக்கு விரல் தட்டச் சொல்லி அளந்தபோது இன்னொரு விசேஷமும் தெரிந்தது. பெரும்பாலோரின் விரல் ஒலிக்குச் சில பத்து மில்லிநொடி முன்னதாகவே இறங்கிவிடுகிறது. தட்டுபவருக்கு அது தெரியாது. சரியாகத் தட்டுக்கே போட்டதாகத்தான் அவர் நம்புவார். இசைப் பயிற்சி உள்ளவர்களிடம் இந்த முந்தல் குறைவு. எதிர்வினை என்று ஒன்று அங்கே நடக்கவே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இந்த முன்னறிவுக்கு வேக எல்லைகள் உண்டு. தட்டுகளுக்கு இடையே சுமார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி இருந்தால் விரலும் மனமும் தொடர முடியாது. ஏறக்குறைய 1.8 நொடிக்கு மேல் இடைவெளி நீண்டாலும் தாளம் கலைந்துவிடும்; ஒவ்வொரு ஒலியும் தனித்தனிச் சம்பவமாகிவிடும். இரண்டுக்கும் நடுவே மனிதர்கள் இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் இடம் 500 முதல் 600 மில்லிநொடி. கேடன்ஸின் முதல் தளம் அந்த வசதியான இடத்துக்குள்தான் தொடங்குகிறது.

தாளத்தை உணர உடலை அசைக்கக்கூட வேண்டியதில்லை. ஜெசிகா கிரான், மேத்யூ பிரெட் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2007-இல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். தெளிவான தட்டுள்ள தாளத்தைச் சும்மா படுத்துக் கேட்டவர்களின் மூளையிலும், உடலசைவைத் திட்டமிடும் பகுதிகள் சுறுசுறுப்பாயின. மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற முடிச்சுகளும் மேலே இருக்கும் துணை இயக்கப் பகுதியும் அவற்றில் முக்கியமானவை. காதுக்கு வேலை கொடுத்தால் காலும் சேர்ந்து தயாராகிறது. இதே பேசல் கேங்லியா பாதிக்கப்படும் பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தட்டுள்ள தாளங்களைப் பிரித்தறிவதில் சிரமம் இருப்பதையும் அந்த ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். ஆனாலும் வெளியிலிருந்து ஒரு சீரான தட்டு கேட்டால், பல பார்க்கின்சன் நோயாளிகளின் நடை சீராகிறது என்பது 1990-களிலிருந்தே மருத்துவ உலகம் அறிந்த விஷயம். உள்ளிருந்து கிடைக்க வேண்டிய எண்ணிக்கையைக் காது வழியாகக் கடன் கொடுக்கிறார்கள்.

எல்லா உயிரினங்களுக்கும் இது கைவருவதில்லை. ரீசஸ் குரங்குகளை நெடுங்காலம் பழக்கிய முற்கால ஆய்வுகளில், அவை பெரும்பாலும் ஒலி வந்த பிறகே தட்டின. ஆனால் ஸ்னோபால் என்ற காக்கட்டூ கிளி, பாட்டின் வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதற்கேற்பத் தலையாட்டுகிறது என்று 2009-இல் அனிருத் படேலின் குழு நிறுவியது. ஒலியைக் கேட்டுப் பாவனை செய்து பேசப் பழகும் உயிரினங்களுக்கே இந்தத் திறன் வாய்க்கும் என்பது படேல் முன்வைத்த கருதுகோள். 2013-இல் கலிஃபோர்னியாவில் ரோனன் என்ற கடல்சிங்கம் அந்தக் கருதுகோளை உலுக்கியது. கடல்சிங்கங்கள் குரலைப் பாவனை செய்பவை அல்ல. ஆனாலும் ரோனன் தாளத்துக்குப் பிசகாமல் தலையசைத்தது.

நெக்ரோடான்சரின் அழகு, இந்தத் திறனை வெறும் சோதனைப் பொருளாக வைக்காததில் இருக்கிறது. வழக்கமான இசை கேம்களில் திரையில் வரும் குறிகளைத் தட்டுக்குச் சரியாக அழுத்த வேண்டும், துல்லியம்தான் மதிப்பெண். இங்கே தட்டுக்கு அழுத்துவது நுழைவுச் சீட்டு மட்டுமே. எந்தத் திசையில் என்பதுதான் ஆட்டம். 'எப்போது' என்ற கேள்வியை இசை தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. மனத்துக்கு மிஞ்சுவது 'எங்கே' என்ற கேள்வி மட்டும்.

இதற்கு உளவியலில் ஓர் அடித்தளம் உண்டு. கவனம் என்பது ஒரே சீராக எரியும் விளக்கில்லை, அது காலத்தில் ஏறி இறங்குகிறது, வெளியே ஒரு தாளம் இருந்தால் அதன் ஏற்ற இறக்கம் அந்தத் தாளத்தோடு ஒன்றிவிடுகிறது என்று அமெரிக்க உளவியலாளர் மேரி ரீஸ் ஜோன்ஸ் 1976-இல் எழுதினார். 2002-இல் அவருடைய குழு ஒரு எளிய சோதனை நடத்தியது. முதலில் ஒரு சுரம். பிறகு சீரான இடைவெளியில் வேறு சில சுரங்கள், அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம். கடைசியில் இன்னொரு சுரம். முதலும் கடைசியும் ஒன்றா, உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று சொல்ல வேண்டும். கடைசிச் சுரம் தாளப்படி எதிர்பார்த்த இடத்தில் வந்தபோது விடைகள் சரியாக இருந்தன. முந்தியோ பிந்தியோ வந்தபோது தடுமாறினார்கள். கேட்டது சுரத்தின் உயரத்தைப் பற்றி, உதவியதோ நேரம். தட்டு விழும் கணத்தில் மனத்தின் பார்வை கூர்மையாகிறது. கேடன்ஸை ஆட்டுவிப்பவருக்கு அந்தக் கூர்மை ஒவ்வோர் அரை நொடிக்கும் ஒருமுறை இலவசமாகக் கிடைக்கிறது.

பூதங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தோதாகவே படைக்கப்பட்டிருக்கின்றன. பச்சை நிறக் கொழகொழப்பு உருண்டை ஒன்று இருந்த இடத்திலேயே குதிக்கும், யாரையும் தொடாது. நீல உருண்டை ஒரு தட்டு விட்டு ஒரு தட்டு மேலும் கீழும் தாவும். எலும்புக்கூடு ஒரு தட்டில் கையைத் தூக்கும், அடுத்த தட்டில் ஓர் அடி வைக்கும். கையைத் தூக்கியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே, இப்போது அடிக்கலாமா ஒதுங்கலாமா என்று தெரிந்துவிடும். வௌவால் மட்டும் எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. பெரிய டிராகனைவிடச் சின்ன வௌவாலுக்குப் பலர் அஞ்சுவதன் காரணம் அதுதான். கணிக்க முடியாத பலவீனன், கணிக்கக்கூடிய பலசாலியைவிட ஆபத்தானவன்.

புதிதாக ஆடுபவர் பூதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பழகியவர் அவற்றை அமைப்புகளாகப் பார்க்கிறார். செஸ் வீரர்களிடம் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் கண்டது இதையேதான். நிஜ ஆட்டத்திலிருந்து எடுத்த காய் நிலையை ஐந்து நொடி காட்டி மறைத்தால், தேர்ந்த வீரர் பெரும்பாலான காய்களைத் திருப்பி அடுக்கிவிடுவார், புதியவரால் சிலவற்றையே முடியும். காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினால் தேர்ந்தவரின் சாதகம் ஏறக்குறைய மறைந்துவிடும். அவருக்கு இருப்பது பெரிய நினைவாற்றல் இல்லை, பழகிய அமைப்புகளின் சேமிப்பு. நெக்ரோடான்சரை உருவாக்கியவர்களுக்கும் இந்த உறவு தெரிந்திருக்கிறது போலும். 'டீப் புளூஸ்' என்ற பெயரில் ஒரு முழுச் செஸ் படையையே எதிரியாக நிறுத்தியிருக்கிறார்கள். சிப்பாயும் யானையும் குதிரையும் தத்தம் விதிப்படி, தட்டுக்கு ஏற்ப நகர்ந்து வருகின்றன. 1997-இல் கேரி காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கணினியின் பெயரை நினைவூட்டும் படை அது.

கிங் காங்கா என்ற இன்னோர் எதிரியின் அரங்கில் வேறொரு பாடம் நடக்கிறது. அங்கே எட்டாவது தட்டு ஒவ்வொன்றும் மௌனம்; அதில் நகர்ந்தால் தவறு. எல்லாத் தட்டுக்கும் ஆடிப் பழகிய விரலை எட்டில் ஒன்றுக்கு நிறுத்துவது, கூடுதலாக ஒரு தட்டுப் போடுவதைவிடக் கடினம். விழாத தட்டையும் மூளை எண்ணுகிறது என்பதே அதற்குக் காரணம். ஹங்கேரியின் இஷ்த்வான் வின்க்லரும் நெதர்லாந்தின் ஹெங்க்யான் ஹோனிங்கும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து சில நாள்களே ஆன, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு ராக் இசை டிரம் தாளத்தைக் கேட்கவைத்தார்கள். சுழற்சியின் முதல் தட்டை அவ்வப்போது விட்டுவிட்டபோது, எதிர்பார்ப்பு பொய்த்ததன் அடையாளம் குழந்தைகளின் மூளை மின்னலைகளில் பதிவானது. முக்கியமில்லாத தட்டை விட்டபோது அப்படி நேரவில்லை. தொட்டில் தாலாட்டுக்கெல்லாம் முன்பே, எந்த இடத்தில் ஒலி வர வேண்டும் என்ற கணக்கு அங்கே தொடங்கிவிடுகிறது.

இதையெல்லாம் ஆட்டத்துக்குள்ளேயே சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது. பார்ட் என்ற பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் தட்டுக் கட்டுப்பாடே கிடையாது. அவர் நகர்ந்தால்தான் பூதங்கள் நகரும். பழைய ரோக் விதி. அதே சுரங்கம், அதே பூதங்கள், வேண்டிய மட்டும் யோசிக்கும் நேரம். ஆட்டம் உடனே ஒரு நிதானமான புதிராகிவிடுகிறது. நல்ல புதிர்தான், ஆனால் எலும்புக்கூடுகளின் கூட்டத்துக்கு நடுவே யோசிக்காமலே சரியான வழி தெரிந்துவிடும் அந்தப் பரவசம் அதில் இல்லை. எதிர்க்கோடியில் போல்ட் என்ற பாத்திரம் இரட்டை வேகத்தில் ஓட வேண்டும். முதல் தளத்திலேயே நிமிடத்துக்கு 230 தட்டுகள். ஒரு தட்டுக்கு 261 மில்லிநொடி. வெறும் எதிர்வினை நேரத்தையே இது தொட்டுவிடுகிறது. இங்கே தட்டுக்கு ஒரு முடிவு என்பது நடக்காது. நான்கைந்து அடிகளைச் சேர்த்து ஒரே வாக்கியமாக மனத்தில் அமைத்துக்கொண்டு, விரல் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியத்தைத் தயார் செய்ய வேண்டும். மிருதங்கக் கலைஞர்கள் துரித காலத்தில் சொற்கட்டுகளாகத்தான் நினைக்கிறார்கள், எழுத்தெழுத்தாக இல்லை.

டேனி பரனாவ்ஸ்கி அமைத்த இசை இத்தனைக்கும் தோள்கொடுக்கிறது. துள்ளும் நடன இசை, தட்டு எங்கே என்று ஒரு கணமும் மயங்க விடாது. அவர் செய்த இரண்டு காரியங்கள் தனியாகச் சொல்லத்தக்கவை. மூன்றாம் மண்டலத்தில் தரை பாதி பனி, பாதி நெருப்பு. ஒரே பாட்டுக்கு இரண்டு வடிவங்கள் இணையாக ஓடுகின்றன. நெருப்புப் பக்கம் கால் வைத்தால் இசை சூடாகிறது, பனிக்கு வந்தால் குளிர்ந்துவிடுகிறது. தட்டு மட்டும் இம்மியும் பிசகுவதில்லை. இன்னொன்று, சுரங்கத்துக்குள் கடை வைத்திருக்கும் வியாபாரி. அவர் பாட்டோடு சேர்ந்து கணீரென்று பாடிக்கொண்டிருப்பார். கடையை நெருங்க நெருங்கக் குரல் உரக்கக் கேட்கும். வரைபடம் பார்க்காமல் காதாலேயே கடையைக் கண்டுபிடிக்கலாம்.

மனித மூளை முன்கூட்டியே கணிப்பது போதாது, கணினியும் கணிக்க வேண்டியிருக்கிறது. ஒலி காற்றில் ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி. அது பொருட்டில்லை. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவதால் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே 16.7 மில்லிநொடி. தொலைக்காட்சிப் பெட்டி படத்தை மெருகேற்றுவதற்காகப் பல பத்து மில்லிநொடி தாமதிக்கக்கூடும். ப்ளூடூத் இயர்போன் ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதில் 100, 200 மில்லிநொடி வரைகூடப் போய்விடும். நிமிடத்துக்கு 140 தட்டுகள் ஓடும் பாட்டில் ஒரு தட்டின் நீளமே 429 மில்லிநொடி என்றால், 200 மில்லிநொடித் தாமதம் கிட்டத்தட்ட பாதித் தட்டைத் தின்றுவிடும். ஆடுபவர் சரியாகத் தட்டினாலும் கணினி தவறென்று சொல்லும். அதனால்தான் தாள கேம்கள் தொடங்கும்போதே, ஒலிக்குச் சில முறை தட்டச் சொல்லி அந்த வீட்டின் தாமதத்தை அளந்து கழித்துவிடுகின்றன. இதில் மனிதர்களின் இயல்பான முந்தலும் சேர்ந்தே கழிகிறது.

நேரத்தை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது என்பதும் சிக்கலே. படம் வரையும் வேகம் கணினியின் சுமைக்கு ஏற்பத் தடுமாறும். ஒலி அட்டையோ நொடிக்கு 44,100 மாதிரிகளைச் சீராக ஊட்டிக்கொண்டே இருக்கும். எனவே நிரலாளர்கள் இதுவரை எத்தனை ஒலி மாதிரிகள் ஓடின என்பதை எண்ணி, அதையே கடிகாரமாக வைத்துக்கொள்கிறார்கள். படம் அதற்குப் பின்னால் ஓடி வர வேண்டும். அதோடு, தமக்குப் பிடித்த பாட்டைச் சுரங்கத்தில் ஒலிக்கவிடவும் நெக்ரோடான்சர் அனுமதிக்கிறது. அப்போது கணினியே அந்தப் பாட்டில் தட்டைத் தேட வேண்டும். ஒலியின் வலு சட்டென்று எகிறும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவை எந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்ப்பது பொதுவான முறை. இந்த முறைகளுக்கு நன்கு தெரிந்த ஒரு பலவீனம் உண்டு: வேகத்தைச் சரியாக இரண்டு மடங்காகவோ பாதியாகவோ கணித்துவிடுவது. இதற்குக் கணினியை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரே பாட்டுக்கு இருவர் தட்டினால், ஒருவர் மற்றவரின் பாதி வேகத்தில் தட்டுவது சாதாரணம்.

கதையின் மையமான அந்த இதயத்துக்கு வருவோம். நிஜ இதயத்துக்குத் தனித் தாளக் கருவி உண்டு. வலது மேலறையின் சுவரில் இருக்கும் சைனஸ் கணு என்ற செல்கூட்டம், வெளியிலிருந்து உத்தரவில்லாமலே தானாக மின் துடிப்பை எழுப்புகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100. ஆனால் அது மெட்ரோனோம் போல் அச்சாகத் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று விரைந்து, விடும்போது சற்றுத் தணியும். அந்தச் சிறு ஏற்ற இறக்கம் ஆரோக்கியத்தின் அடையாளம். இசை இந்தத் துடிப்பைக் கேடன்ஸுக்கு நேர்ந்ததுபோல ஒரேயடியாகக் கட்டிப்போடாது. ஆனாலும் தொடாமல் விடுவதில்லை. இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 2006-இல் பலவகை இசைகளைக் கேட்கவைத்து அளந்தபோது, வேகமான இசைக்கு மூச்சும் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் கூடின. எந்த வகை இசை என்பதைவிட வேகமே முக்கியமாக இருந்தது. நடுவே இரண்டு நிமிடம் இசையை நிறுத்தியபோது, அவை தொடங்கிய நிலையைவிடவும் கீழே இறங்கின. சூனியக்காரனின் மந்திரம் கற்பனை. ஆனால் அந்தக் கற்பனை, உடலில் மெலிதாக நடக்கும் ஒன்றை எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறது.

விதியும் கதையும் இப்படி ஒன்றாக இழைந்திருப்பதுதான் நெக்ரோடான்சரின் உண்மையான சாதனை. பல கேம்களில் கதை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒட்டிய சித்திரமாக நிற்கும். இங்கே தட்டுக்கு ஏன் நகர வேண்டும் என்ற கேள்விக்கே கதைதான் விடை. கேடன்ஸுக்குப் பிறகு அவளுடைய தாய் மெலடி, பாட்டி ஆரியா என்று மூன்று தலைமுறைப் பெண்கள் அடுத்தடுத்து அந்தச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். ஆரியாவின் முறை வரும்போது ஒரு தட்டைத் தவறவிட்டாலே உயிருக்கு ஆபத்து. முதிய பெண்ணின் இதயம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை எந்த வசனமும் சொல்லவில்லை. ஆடுபவரின் விரல் அதை உணர்கிறது.

2019 ஜூனில் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காக வந்த 'கேடன்ஸ் ஆஃப் ஹைரூல்' இதை இன்னொரு படி எடுத்துச்சென்றது. தன் புகழ்பெற்ற செல்டா கதையுலகத்தை நிண்டெண்டோ ஒரு சிறிய வெளிக் குழுவின் கையில் கொடுப்பது அபூர்வம். அங்கே காடும் மலையும் ஊரும் நிறைந்த விரிந்த நிலம். தேடிப் போக வேண்டிய கருவிகள், பேசிப் பழக வேண்டிய மனிதர்கள். இத்தனையையும் தட்டுக்குத் தட்டு நகர்ந்தே செய்யச் சொன்னால் ஆடுபவர் களைத்துவிடுவார். குழு கண்ட தீர்வு அருமையானது. ஒரு திரையில் இருக்கும் எதிரிகள் எல்லோரும் வீழ்ந்ததும் தட்டுக் கட்டுப்பாடு விலகிவிடும். இசை ஓடிக்கொண்டிருக்கும், விருப்பம்போல் நடக்கலாம். ஆபத்து உள்ள இடத்தில் தாளம் இறுக்கிப் பிடிக்கும், ஆபத்து நீங்கினால் அவிழும். சாகசக் கதையின் பதற்றமும் ஓய்வும் அப்படியே விரலுக்கு இறங்கிவிடுகின்றன. தாளம் கைவராதவர்களுக்காக, பார்டின் விதியை ஒத்த தனி முறையும் வைத்திருக்கிறார்கள்.

இசையும் கதையும் கலந்த ஆட்டங்களின் வரிசை இதற்கு வெகு முன்பே தொடங்கியது. 1996-இல் ஜப்பானில் மசாயா மட்சுராவின் குழு உருவாக்கிய 'பராப்பா தி ராப்பர்' அந்த வரிசையின் முன்னோடி. காதலில் விழுந்த ஒரு நாய்க்குட்டி ராப் பாடிப் பாடியே வாழ்க்கையின் தேர்வுகளைக் கடக்கும். வரிசையின் இந்தப் பக்கத்தில் நிற்பது, மலேசியாவின் ஹஃபிஸ் அஸ்மான் தொடங்கிய செவன்த் பீட் கேம்ஸ் குழுவின் 'ரிதம் டாக்டர்'. 2021 பிப்ரவரியில் முன்னோட்ட வடிவில் விற்பனைக்கு வந்தது. ஒரு மருத்துவமனை, தொலைவிலிருந்து கணினி வழியாக நோயாளிகளைக் குணப்படுத்தும் பயிற்சி மருத்துவர், விதி ஒன்றே ஒன்று. நோயாளியின் இதயம் ஏழு முறை துடிப்பதை எண்ணி, ஏழாவதில் ஒற்றைப் பொத்தானை அழுத்த வேண்டும்.

கர்நாடக இசைக்குப் பழகிய காதுக்கு ஏழு என்றதும் ஏழு எண்ணிக்கைச் சுழற்சியான மிஸ்ரம் நினைவுக்கு வரும். இங்கே பல கட்டங்களில் அப்படியில்லை. எட்டு எண்ணிக்கைக்குள் ஏழாவதில் அழுத்தி, எட்டாவதை மௌனமாக விட வேண்டும். ஒரே பொத்தான் என்பதால் எளிது என்று நினைத்துவிட முடியாது. சில நோயாளிகளின் துடிப்பு நடுவே விட்டுவிட்டு வரும், சிலருடையது தாவித் தாவி வரும். ஒரு கட்டத்தில் கிருமி ஒன்று இணைப்பையே தாக்க, படமும் ஒலியும் சிதைந்துபோகின்றன. உள்ளே ஓடும் எண்ணிக்கையை மட்டும் நம்பி அழுத்த வேண்டும். வேறு சில கட்டங்களில் கேமின் சாளரமே இடத்தை விட்டுக் கிளம்பிக் கணினித் திரை முழுக்க அலைகிறது. கண்ணை நம்பியவர்கள் தோற்பார்கள். கண்ணைவிடக் காதுதான் நேரத்தைக் கூர்மையாக அளக்கிறது என்று ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பக் கண்டதை, இந்த ஆட்டம் ஒரு மருத்துவமனைக் கதையாகவே எழுதிவிட்டது.

அதன் கடினமான இடங்கள், இரண்டு நோயாளிகள் ஒரே நேரத்தில் படுக்கையில் இருப்பவை. இருவரின் துடிப்பும் தனித்தனி வரிசையில், முன்பின்னாக ஓடும். இரண்டையும் தனித்தனியாக எண்ண முயன்றால் சில சுற்றுகளிலேயே குழம்பிவிடும். ஒரே சமயத்தில் இரண்டு தாளங்களை விரல்களால் தட்டுவோரை ஆராய்ந்த உளவியலாளர்கள் 1980-களிலேயே இதற்கு விடை கண்டார்கள்: தேர்ந்தவர்கள் இரண்டு எண்ணிக்கைகளை மனத்தில் ஓட்டுவதில்லை, இரண்டும் சேர்ந்து உண்டாகும் ஒரு புதுச் சொற்கட்டைக் கேட்டு, அதைத் தட்டுகிறார்கள். ரிதம் டாக்டரிலும் தேறுவதற்கு வழி அதுதான். இரு நோயாளிகளின் துடிப்பையும் ஒரே பாட்டின் இரு குரல்களாகக் கேட்கத் தொடங்கியதும், ஒற்றை விரல் இருவருக்கும் போதுமானதாகிவிடுகிறது.